ஒரு கிழமை கேம்புக்குப் பிள்ளையை அனுப்ப முதல், பேக் கட்டுறதைப் பிள்ளையிட்டயே விடுங்கோ

ஓகஸ்ட் லீவு கிட்டக் கிட்ட எங்கட ப்ளட்ல இருக்கிற அம்மாமார் ஒவ்வொருத்தரா வந்து கேக்கினம், போன வருசம் மகனை ஒரு கிழமை கேம்புக்கு விட்டனீங்கள்தானே, என்னென்ன குடுத்து விட்டனீங்கள், பயமில்லையோ, அங்க சாப்பாடு எப்பிடி எண்டு. லிப்ட்டுக்குள்ள நிண்டு சொல்லி முடியிற கதையில்லை, அதால எல்லாத்தையும் இதில எழுதுறன். போன வருசம் மகனுக்குப் பத்து வயசு, நுவரெலியாப் பக்கம் போனவன். இந்த வருசம் மகளும் போறா, அவவுக்குப் பன்னிரண்டு, பண்டாரவளைக்கு.

முதல்ல நான் விட்ட பிழையைச் சொல்லுறன், ஏனெண்டா மிச்சம் எல்லாம் அதிலயிருந்துதான் வருது.

மகனுக்கு நான்தான் பேக் கட்டினனான். ஏழு நாளைக்கு ஏழு பொலித்தீன் பை, ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு டீசேட், ஒரு காற்சட்டை, உள்ளுடுப்பு, மேஸ், வெளியில திங்கள் செவ்வாய் எண்டு ஒட்டி, எல்லாம் அயர்ன் பண்ணி. ரெண்டு இரவு முழிச்சிருந்து செய்தனான். அவன் திரும்பி வந்த அண்டு ஹோல்ல நிலத்தில வச்சு பேக்கைத் திறந்தா அஞ்சு பை அப்பிடியே இருக்கு, முடிச்சுக்கூட அவிழ்க்கேல்ல, மடிப்புக் கலையேல்ல. அந்த நீல டீசேட்டைத்தான் கிழமை முழுக்கப் போட்டிருக்கிறான். ஸ்வெட்டர் பேக்கின்ர அடியில சப்பாத்துக்குக் கீழ கிடந்தது. ஏன் ராசா போடேல்ல எண்டு கேட்டன். "எதுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியேல்ல அம்மா, எல்லாத்தையும் வெளிய எடுத்தா திருப்பி வைக்க எனக்கு ஏலாது, அதான்" எண்டான். முதல் ரெண்டு இரவும் குளிரில சுருண்டு படுத்திருக்கிறான் பிள்ளை, ஸ்வெட்டர் தலைமாட்டில பேக்குக்குள்ள இருக்கத்தக்கதா. அதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு என்னவோ செய்யுது.

அதால இந்த முறை மகள்தான் கட்டுறா. நான் பக்கத்தில கதிரையில இருக்கிறன், கை வைக்கிறேல்ல.

எப்பிடிச் செய்யிறது எண்டா, போறதுக்கு ஒரு கிழமை முந்தி எல்லாச் சாமானையும் கட்டில்ல பரப்பச் சொல்லுங்கோ. கேம்ப் ஆக்கள் தந்த லிஸ்ட்டைப் பிள்ளையே வாசிச்சு வாசிச்சு அடையாளம் போடட்டும். பிறகு தானே உள்ள வைக்கட்டும், கோணலா வச்சாலும் பரவாயில்லை, ஸிப் இழுபடேல்ல எண்டா எதைக் குறைக்கலாம் எண்டு அவையே யோசிக்கட்டும். முடிஞ்ச பிறகு ராத்திரி ரூம் லைட்டை ஓஃப் பண்ணிப்போட்டு, இப்ப டோர்ச்சை எடு, இப்ப ஸ்வெட்டரை எடு, இப்ப டொய்லட்டுக்குப் போற செருப்பை எடு எண்டு கேளுங்கோ. மகள் முதல் நாள் டோர்ச்சைத் தேட அஞ்சு நிமிசம் எடுத்தவ, அடுத்த நாள் தானே அதைப் பக்கப் பொக்கற்றுக்கு மாத்திப்போட்டா. பிறகு எல்லாத்தையும் வெளிய கொட்டி திருப்பி அடுக்கச் சொல்லுங்கோ. வரேக்க ஈர உடுப்போட, அவசரத்தில, அம்மா இல்லாம அடுக்கோணும், அதுதான் கஷ்டமான பாகம். பேக்கும் பிள்ளை தானே தூக்கிக்கொண்டு உங்கட மாடிப்படியில ரெண்டு மாடி ஏறக்கூடிய பாரமா இருக்கோணும், அதுக்கு மேல எண்டா கூடிப் போச்சு.

இனி என்ன உடுப்பு எண்டதுக்கு, மலைநாடு எண்டு பொதுவாச் சொல்லி எல்லாத்துக்கும் ஒரே மாதிரிக் கட்டக் கூடாது. ஓகஸ்ட்டில தென்மேல் பருவ மழை மலையின்ர மேற்குப் பக்கத்திலதான் கொட்டும், அதால கித்துல்கல, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் நனையாம இருக்கேலாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அந்த மாசத்தில ராத்திரி 13 டிகிரிக்குக் கிட்ட இறங்கும், கொழும்பில ஃபேன் போட்டுப் படுக்கிற பிள்ளைக்கு அது சரியான குளிர். ஆனா மலைக்கு அங்கால ஊவாப் பக்கம், பண்டாரவளை, வெலிமடை எல்லாம் அதே மாசத்தில காய்ஞ்சு காத்தடிச்சுக்கொண்டு இருக்கும். மகனுக்கு ரெயின்கோட்டும் ரெண்டாவது சோடி சப்பாத்தும்தான் முக்கியம், மகளுக்குத் தொப்பியும், உதடு வெடிக்காம பூசுறதுக்கும், காத்துக்குப் போட ஒரு ஜக்கெட்டும். இடத்தின்ர பேரைக் கேட்டுப்போட்டு அது மலையின்ர எந்தப் பக்கம் எண்டு பாத்திட்டு வாங்கப் போங்கோ. தடிச்ச ஒரு ஸ்வெட்டரை விட மெல்லிசா ரெண்டு நல்லது, ஒண்டு நனைஞ்சா மற்றது இருக்கும். மேஸ் மட்டும் கணக்குப் பாக்காம நிறைய வையுங்கோ, ஈர மேஸோட நாள் முழுக்க நடந்தா கால் கொப்பளிச்சுப் போகும். புதுச் சப்பாத்து வாங்குறதெண்டா ரெண்டு கிழமைக்கு முந்தியே வாங்கி, பின்னேரத்தில கடற்கரைப் பக்கம் நடக்கப் போகேக்க போட்டுப் பழக்குங்கோ. ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா காயவே காயாது.

பேரை எல்லாத்திலயும் உள்பக்கமா எழுதுங்கோ, துவாய், செருப்பு, தண்ணிப் போத்தல் உட்பட. பேக்குக்கு வெளியில பெரிசாப் பேர் எழுத வேண்டாம், தெரியாத ஆக்களும் பேர் சொல்லிக் கூப்பிடுவினம், பிள்ளை தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சுப் போகும்.

அடுத்தது குளிக்கிறதும் கக்கூசும். பெரியாக்கள் ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்கிறேல்ல, ஆனா பிள்ளையளுக்கு இதுதான் பெரிய விசயம். எங்கட ப்ளட்டுகளில வளர்ற பிள்ளையளுக்கு கொமட், ஷவர், சுடுதண்ணி தவிர வேற தெரியாது. கேம்ப் நடக்கிற இடத்தில அநேகமாக் குந்தி இருக்கிற டொய்லட்தான், தண்ணி வாளியில. மகனோட போன ஒரு பிள்ளை மூண்டு நாளா ரெண்டுக்கே போகாம அடக்கி வச்சு வயித்துநோ வந்து அழுதிருக்கு. அதால ஊருக்கோ கோயிலுக்கோ போகேக்க, குந்தி இருக்கிற டொய்லட் கண்டா பிள்ளையைப் பழக்குங்கோ. வீட்டில ரெண்டு கிழமைக்கு ஷவரைப் பூட்டிப்போட்டு ஒரு வாளி, ஒரு கோப்பை, பச்சைத் தண்ணி. காலில முதல் ஊத்தி, பிறகு கையில, பிறகு தோளில, அப்பிடிப் பழகினா நெஞ்சு விறைக்காது. பெண் பிள்ளையள் நீளத் தலைமயிர் எண்டா தானே இழுத்துப் பின்னப் பழகோணும், இல்லாட்டி ஒரு கிழமையால சிக்கெடுக்கிறதே ஒரு நாள் வேலை. குளிர் இடத்தில தலை முழுகுறதெண்டா வெயில் இருக்கேக்க மட்டும் எண்டு சொல்லி விடுங்கோ.

ராத்திரியில படுக்கை நனைக்கிற பிள்ளை எண்டா அதுக்காக நிப்பாட்ட வேண்டாம். பொறுப்பான மிஸ்ஸிட்ட தனியக் கதையுங்கோ, பிள்ளைக்கு முன்னால வேண்டாம். கடும் நிறத்தில ஒரு பெட்ஷீட் கூட வையுங்கோ, மாத்துற உடுப்பை ஒரு சின்னப் பைக்குள்ள தலைமாட்டிலயே வைக்கச் சொல்லுங்கோ, பின்னேரத்துக்குப் பிறகு டீ, சோடா வேண்டாம், படுக்க முதலும் நடுச்சாமத்திலயும் ஆராவது எழுப்பி விட்டாச் சரி. முறையாக் கேட்டா மறுக்கிற ஆக்களை நான் இன்னும் காணேல்ல.

இனி பெண் பிள்ளையளின்ர விசயம். ஒன்பது பத்து வயசு தாண்டின எந்தப் பிள்ளையை அனுப்பினாலும், இன்னும் பெரிசாகாட்டியும், பேக்குக்குள்ள பேட் ஒரு பக்கெற் இருக்கோணும், அதை எப்பிடி வைக்கிறது எண்டு வீட்டில ஒருக்காச் செய்து காட்டியும் இருக்கோணும். எங்கட ஆக்களுக்குள்ள முதல் தரம் வந்தா உடனே வீட்டை கூட்டிக்கொண்டு வரோணும், மாமிக்குச் சொல்லோணும், தண்ணி வாக்கோணும் எண்டு இருக்குத்தானே. அது அங்க நடந்தா என்ன செய்யிறது எண்டு வீட்டில முதலே கதைச்சு முடிவெடுங்கோ, அம்மம்மாவையும் கூப்பிட்டு வச்சுக் கதையுங்கோ. நாங்கள் மகளுக்குச் சொன்னது இதுதான்: அப்பிடி வந்தா பயப்பிடாதேங்கோ, பேட்டை வச்சுக்கொண்டு மிஸ்ஸிட்டச் சொல்லுங்கோ, மிஸ் எங்களுக்குக் கோல் எடுப்பா, வாறதோ நிக்கிறதோ நீங்களே சொல்லலாம், நீங்கள் வந்த பிறகு வீட்டுச் சடங்கு நடக்கும், ஒண்டும் குறையாது. அம்மம்மா முதல்ல ஒத்துக்கொள்ளேல்ல, ரெண்டு நாள் கதைக்காமயே இருந்தவ, பிறகு தானே வந்து, பிள்ளை நிக்க விரும்பினா நிக்கட்டும், நல்ல நாள் நான் பாக்கிறன் எண்டா. முதலே கதைக்காம விட்டா அந்த நேரம் போனில எல்லாரும் பதற, பிள்ளை தான் ஏதோ பிழை செய்து போட்டன் எண்டு நினைக்கும்.

வீட்டு நினைவு வந்து அழுறதைப் பற்றி. அது வரும். வராது எண்டு பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, வந்தா என்ன செய்யலாம் எண்டு சொல்லிக் குடுங்கோ. அநேகமாப் படுக்கப் போற நேரமும் விடிய எழும்பேக்கயும்தான் வரும், விளையாடேக்க மறந்திடும். அதால கேம்புக்கு முதல் ரெண்டு மூண்டு தரம் மாமி வீட்டையோ சித்தி வீட்டையோ ராத்திரி தங்க விடுங்கோ, ஒரு இரவு, பிறகு ரெண்டு இரவு, அந்த நேரம் போன் எடுக்காம. வீட்டில பாவிச்ச தலகாணி உறை ஒண்டு, தோய்க்காம, அப்பிடியே குடுத்து விடுங்கோ, வீட்டு மணம் இருக்கும். நான் மகனுக்கு சின்னச் சின்னக் கடதாசியில ஆறு கடிதம் எழுதி ஒரு நாளைக்கு ஒண்டு வாசி எண்டு குடுத்தனான். அதில நீ இல்லாம வீடு வெறிச்சோடிக் கிடக்கு எண்டு எழுதாதேங்கோ, பிள்ளை உங்களுக்காகக் கவலைப்படத் தொடங்கிடும். இண்டைக்குப் புதுசா ஒராளோட கதைச்சுப் பார், வந்து அவரைப் பற்றி எனக்குச் சொல்லு, அப்பிடி எழுதுங்கோ.

ஒரு வாக்கு மட்டும் குடுக்கவே வேண்டாம்: "பிடிக்காட்டி கோல் எடு, அப்பா உடன வந்து கூட்டிக்கொண்டு வருவார்." ஆசையில சொல்லுறதுதான், எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனா அதைச் சொன்னா, உன்னால ஏலாது எண்டு நாங்களே நினைக்கிற மாதிரிப் போயிடும், முதல் இரவு அழுகை வந்த உடனே பிள்ளை அந்தக் கோலைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடக்கும். அதுக்குப் பதிலா, கஷ்டமா இருந்தா மிஸ்ஸிட்டச் சொல்லு, அவ உனக்கு உதவி செய்வா, அங்க ஒராளாவது உன்னை வடிவாப் பாப்பினம் எண்டு சொல்லுங்கோ. வருத்தம் வந்தாலோ ஆராவது கூடாத மாதிரி நடந்தாலோ அது வேற, அதுக்கு எந்த நேரம் எண்டாலும் வருவம் எண்டதையும் பிரிச்சுச் சொல்லுங்கோ. இந்த ரெண்டையும் பிள்ளையள் வடிவா விளங்கிக்கொள்ளுவினம்.

அந்தக் கூடாத விசயத்தையும் நேராக் கதையுங்கோ, சுத்தி வளைக்காம. நீச்சல் உடுப்பு மூடுற இடத்தை ஒருத்தரும் தொடக் கூடாது, பாக்கவும் கேக்கக் கூடாது, அண்ணாமார் அக்காமார் சேர் மிஸ் ஆரெண்டாலும். அம்மாட்டச் சொல்லாதே எண்டு ஆராவது சொன்னா அதைத்தான் முதல்ல அம்மாட்டச் சொல்லோணும். எங்களோட கதைக்க ஏலாமல் போனா 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். உங்கட போன் நம்பரையும் மனப்பாடமாக்குங்கோ, இப்பத்தப் பிள்ளையளுக்கு அம்மாவின்ர நம்பர் தெரியாது, போனில படத்தை அமத்தித்தானே பழக்கம். பத்து இலக்கத்தையும் பாட்டு மாதிரிப் பாடிப் பாடி மகன் மூண்டு நாளில பிடிச்சிட்டான்.

நடத்துற ஆக்களிட்ட என்ன கேக்கிறது எண்டா, ராத்திரி பிள்ளையளோட ஆர் படுக்கினம், பெண் பிள்ளையளுக்குப் பெண் ஆக்கள் நிக்கினமோ, ஒரு பெரியாளோட ஒரு பிள்ளை தனிய இருக்க விடுறேல்ல எண்டு சட்டம் வச்சிருக்கினமோ, கிட்டின ஆஸ்பத்திரி எது, வாகனம் ஒண்டு எந்த நேரமும் நிக்குதோ. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமா வரும்தான், ஆனா எஸ்டேட் ரோட்டுக்கு மேல வந்து சேர நேரம் எடுக்கும். ஆறு, குளம் இருந்தா லைஃப் ஜக்கெட் எத்தினை இருக்கு எண்டு கேளுங்கோ, பிள்ளையளின்ர எண்ணிக்கைக்குக் குறைவெண்டா தண்ணியில இறக்க வேண்டாம் எண்டு எழுத்தில குடுங்கோ. கித்துல்கல, பெலிஹுல்ஓயா மாதிரி இடத்தில மேல மழை பெய்தா கீழ வெயில் எறிக்கேக்கயே தண்ணி திடீரெண்டு ஏறும். மழைக் காலத்தில தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு. போற இடத்துக்கு செம்மஞ்சள் எண்டாலே நான் பிள்ளையை பஸ்ஸில ஏத்த மாட்டன், கட்டின காசு போனாப் போகட்டும். இதையெல்லாம் கேட்டா முகம் சுழிக்கிற ஆக்களிட்ட விடாதேங்கோ. நான் முதல்ல விசாரிச்ச ஒரு இடத்தில, இவ்வளவு கேள்வி கேக்கிற ஆக்கள் பிள்ளையை வீட்டிலயே வச்சிருங்கோ எண்டு சொல்லிப்போட்டினம், அப்பிடியே விட்டிட்டன்.

சாப்பாடு. சைவம் எண்டா சைவம் எண்டு மட்டும் எழுதாதேங்கோ, முட்டை சாப்பிடுமோ, மாசி, அதாவது காய்ஞ்ச மீன், போட்ட சம்பல் சாப்பிடுமோ எண்டு விபரமா எழுதுங்கோ, ஏனெண்டா மாசிச் சம்பலை நிறையப் பேர் மரக்கறிச் சாப்பாடு எண்டுதான் நினைக்கினம். மாட்டிறைச்சி வேண்டாம் எண்டதையும், கச்சான் அலர்ஜி மாதிரி ஏதும் இருந்தா அதையும் பெரிசா எழுதுங்கோ. வீட்டில பருப்பைப் பிசைஞ்சு ஊட்டிக்கொண்டிருந்தா இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. டொபி, பிஸ்கட் அள்ளிக் குடுத்தா டென்ட்டுக்குள்ள எறும்பும் எலியும்தான் வரும், ரெண்டு பக்கெற் கிரீம் கிராக்கர் காணும்.

பல கேம்புகளில தமிழ்ப் பிள்ளையள் ரெண்டு மூண்டுதான் இருப்பினம், சேர்மார் சிங்களத்தில கதைப்பினம். ஸ்கூல் சிங்களம் சோதினைக்குக் காணும், வயித்துநோவுக்குக் காணாது. மட்ட பட ரிதெனவா, வயித்துநோ. மட்ட சீதலய், குளிருது. மட்ட எப்பா, எனக்கு வேண்டாம். அம்மாட்ட கோல் எகக் கரன்ன ஓன, அம்மாவுக்குக் கோல் எடுக்கோணும். இந்த நாலையும் சத்தமாச் சொல்லப் பழக்குங்கோ, கூச்சம் போகோணும்.

மருந்துப் பையைப் பிள்ளையிட்ட குடுக்காம பொறுப்பாளர் கையில குடுங்கோ, பேர், பிள்ளையின்ர நிறை, எந்த நேரம் எவ்வளவு எண்டு எழுதி. பனடோல் நிறையைப் பாத்துத்தான் குடுக்கிறது, ஒரு கிலோவுக்கு ஒரு தரத்துக்கு 15 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. காய்ச்சல் எண்டா இபுபுரோபன், அஸ்பிரின் குடுக்கவே கூடாது எண்டு தடிச்ச எழுத்தில எழுதுங்கோ, டெங்கு எண்டா ரத்தம் வடியிறதைக் கூட்டிப்போடும். வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனி ரெண்டு பக்கெற், பூசுற சித்தாலேப ஒண்டு, நுளம்புக் கிரீம். இழுப்பு இருக்கிற பிள்ளை எண்டா பம்பையும் ஸ்பேசரையும் பிள்ளையின்ர கைப் பேக்கிலயே வையுங்கோ, குளிரில இழுப்பு வெளிக்கிடும். அட்டை கடிச்சா பிடுங்கி எறியாம நகத்தால ஓரத்தைத் தள்ளி எடுக்கச் சொல்லுங்கோ, கொஞ்ச நேரம் ரத்தம் நிக்காமல் வரும், பயப்பிடத் தேவையில்லை. நாய், பூனை, குரங்கு ஒரு கீறல் கீறினாலும் ஒளிக்காமச் சொல்லோணும், சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

போற அண்டு விடிய வயிறு நிறையக் குடுக்காதேங்கோ, பாண் ரெண்டு துண்டு காணும், ரம்பொடை வளைவுகளில எல்லாம் வெளிய வந்திடும். முன் சீற், ஜன்னல் பக்கம், கையில ஒரு பொலித்தீன் பை. பஸ்ஸடியில நிண்டு நீட்டிக்கொண்டிருக்காம கொஞ்சிப்போட்டுக் கெதியா வெளிக்கிடுங்கோ, அழுகை வந்தா காருக்குள்ள வந்து அழுங்கோ, நான் அப்பிடித்தான்.

திரும்பி வந்த உடனே கேள்வி கேக்காதேங்கோ. சுடுதண்ணியில குளிக்க வாத்து, சோறும் சொதியும் குடுத்து, படுக்க விடுங்கோ. கதை ரெண்டு நாளைக்குப் பிறகு தானா வரும், அநேகமாப் பல்லுத் தீட்டேக்க. குளிக்க வாக்கேக்க முதுகு, காதுக்குப் பின்னால, கால் விரலிடுக்கு எல்லாம் வடிவாப் பாருங்கோ, பேன் சீப்பாலயும் ஒருக்கா இழுங்கோ. ஈர உடுப்பை அண்டைக்கே தோய்ச்சுப் போடுங்கோ. வந்த திகதியைக் கலண்டரில வட்டம் போட்டு வையுங்கோ, அதிலயிருந்து ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தா சும்மா தடிமன் எண்டு விடாம டொக்டரிட்டப் போய், பிள்ளை எங்க போனது, எந்தத் தண்ணியில இறங்கினது, வயலுக்குள்ள நடந்ததோ எண்டு நீங்களே சொல்லுங்கோ. டெங்கு நுளம்பு கடிச்சு நாலு தொடக்கம் பத்து நாளிலதான் காய்ச்சலாக் காட்டும், எலிக்காய்ச்சலுக்கு அதை விடக் கூட நாளும் எடுக்கும், நீங்கள் சொல்லாட்டி டொக்டருக்கு அது தெரியாது.